கன்ட்ரோல், ஷிப்ட், ஐ

விடை சரியாக வந்துவிட்டது.

சோதித்துப் பார்த்த எல்லாவற்றுக்கும் பச்சை டிக். வேலை போன பிறகு புது வேலைக்காக வீட்டிலிருந்தே ஆன்லைனில் எழுதிய தேர்வுகளில், அவன் கடைசிக் கேள்வி வரை வந்தது இதுதான் முதல் தடவை.

நேரம்கூட மிச்சமிருந்தது.

மூடிய கதவுக்கு வெளியே வீடு மூச்சுக் காட்டாமல் கிடந்தது. காலையிலேயே காலிங் பெல்லின் பேட்டரியைக் கழற்றிவிட்டாள் அவன் மனைவி கோதை. குக்கர் வைக்கவில்லை. சட்னியை எதிர்வீட்டு மிக்ஸியில் அரைத்துக்கொண்டு வந்தாள். கேமரா பார்க்கும், மைக் கேட்கும், வேறு குரல் விழுந்தால் தேர்வு போச்சு என்று அவளிடம் அவன்தான் சொல்லிவைத்திருந்தான்.

அனுப்பும் முன் எழுதிய புரோகிராமை ஒருமுறை பார்த்தான்.

வரிகள் கோணல்மாணலாக நின்றன. உள்ளே தள்ளி இருக்க வேண்டியது வெளியே, வெளியே இருக்க வேண்டியது உள்ளே. அவன் எழுதிய மொழியில் கணினி அதைக் கண்டுகொள்ளாது. அப்படியே அனுப்பித் தொலைத்திருக்கலாம்.

இத்தனை வருடம் புரோகிராம் எழுதியவனுக்கு மனசு கேட்கவில்லை.

கை தானாகப் போனது. கன்ட்ரோல், ஷிப்ட், ஐ.

பழைய அலுவலகத்தில் இந்த மூன்றையும் சேர்த்து அழுத்தினால் போதும், வரிகளெல்லாம் ஒழுங்காகப் போய் அதனதன் இடத்தில் நிற்கும். ஒரு நாளைக்கு எத்தனை தடவை அழுத்தியிருப்பான். பழக்கதோஷம்.

ஆனால் இது பிரவுசர். இங்கே அதே மூன்று விசைகள் பக்கத்தின் உள்விவரங்களைத் திறந்து காட்டும். காப்பி அடிக்கிறவர்கள் போகும் வழி அது.

பாதித் திரையில் அது திறந்துகொண்டது.

பதறி மூடினான்.

முறைகேடு நடந்ததால் தேர்வு நிறுத்தப்பட்டது என்று சிவப்பில் ஒரு வரி வந்தது. அவன் எழுதியது எதுவும் திரையில் இல்லை.

விளக்கம் சொல்ல ஏதாவது பொத்தான் இருக்கிறதா என்று தேடினான். இல்லை. கெஞ்சவோ திட்டவோ ஒரு ஆள் வேண்டுமே, அதுவும் இல்லை. கேமராவின் விளக்கும் அணைந்துவிட்டது.

வெண்ணெய் திரளும்போது தாழி உடைந்த கதைதான். உடைத்தது தன் கையே என்பதைத்தான் அவனால் தாங்க முடியவில்லை. அழலாம் போலிருந்தது. அழுதால் வெளியே கேட்கும்.

வாசல் கதவை யாரோ விரலால் மெல்லத் தட்டினார்கள். எதிர்வீட்டு அக்காவாக இருக்கும். கோதை வெறுங்காலில் ஓடிப்போய்த் திறப்பது கேட்டது. பிறகு அவள் குரல், கிசுகிசுப்பாக.

"டைப் அடிக்கிற சத்தம் நின்னுருச்சுக்கா. என்னாச்சோ தெரியல."

தேர்வு முடிய இன்னும் அரை மணி நேரம் இருந்தது.

அவன் விசைப்பலகையை இழுத்து வைத்துக்கொண்டு, வெளியே கேட்கும்படி அடிக்க ஆரம்பித்தான்.