பாசிங் அக்காவின் அவசரம்

கரண்ட் எகிறியதில் செத்துப்போன நெஸ்டோரின் பேஸ் கிட்டார் ஆம்ப்ளிஃபையரை ட்ரைசிக்கிளில் கொண்டுவந்து இறக்கினாள், அவன் பக்கத்து வீட்டு பாசிங்.

அதே கரண்டில் போன பாரங்காய் எனும் ஊர்ப் பஞ்சாயத்தின் தலைவருடைய டிவியைப் பிரித்துக்கொண்டிருந்த ரிப்பேர்க்காரன் ருஃபோ நிமிர்ந்தான்.

"அக்கா, இது போடுற 'தும் தும்'ல சுவத்துல இருக்கிற மாதா படம் விழுதுன்னு தலைவர்கிட்ட புகார் குடுத்தது நீங்கதானே?"

"நான்தான்."

"இது செத்ததுக்குக் கோயில்ல மெழுகுவத்தி ஏத்துனது?"

"அதுவும் நான்தான். சாயங்காலத்துக்குள்ள இதுக்கு உசுரு வரணும்."

"நெஸ்டோர் பாவம்னு மனசு இளகிடுச்சாக்கும்?"

"மண்ணாங்கட்டி! வாசிக்க வழியில்லன்னு பாட்டு வரி ஓடுற வீடியோக்கே மிஷின வாடகைக்கு எடுத்துப் பாட ஆரம்பிச்சுட்டான்யா!"

ருஃபோ தலைவரின் டிவியை ஓரமாகத் தள்ளிவைத்துவிட்டு, ஆம்ப்ளிஃபையரின் முதல் திருகைக் கழற்றினான்.