கசங்காத விரிப்பு

பட்டமளிப்பு விழாவைத் தள்ளிவைத்துவிட்டதாகக் கல்லூரி வாசலில் ஒரு தாள் ஒட்டியிருந்தது. அப்பா, அம்மா, நான் மூன்று பேரும் எட்டு மணிநேரம் பஸ்ஸில் வந்து அதைப் படித்தோம். திரும்பிப் போக மறுநாள்தான் பஸ். ஓட்டல் அறைக்கு நான் முன்பே ஆன்லைனில் முழுப் பணம் கட்டியிருந்தேன். வேண்டாமென்றாலும் திரும்ப வராது என்று ஓட்டலில் சொல்லிவிட்டார்கள். "புழங்கினாத்தானே பணம் எடுப்பான், எதையும் தொடாம இருந்துட்டுப் போவோம்" என்றார் அப்பா. அப்படியெல்லாம் கிடையாது என்று கத்தினேன். யாரும் கேட்கவில்லை. அவ்வளவு பெரிய கட்டிலை விட்டுவிட்டுத் தரையில் அம்மாவின் புடவையை விரித்துப் படுத்தோம். காலையில் அப்பாவே போய் மேனேஜரைக் கூட்டிவந்தார். "பாருங்க சார், ஒரு சுருக்கம் இல்ல. சோப்பு உறைகூடப் பிரிக்கல. பாதியாவது குடுங்க." மேனேஜர் சிரித்தார். "பணம் வராதுன்னு புக் பண்றப்பவே போட்டிருக்கே பெரியவரே. உங்க பொண்ணு படிச்சவங்கதானே, அதைப் படிக்கலையா?" படிக்கவில்லைதான். எல்லோரையும்போல நிபந்தனைகளைப் பார்க்காமலே டிக் போட்டேன். எங்கள் வீட்டின் முதல் பட்டதாரி நான். அப்பா என் முகத்தைப் பார்க்கவில்லை. "எத்தனை மணிக்குக் காலி பண்ணணும்?" என்று அம்மா கேட்டாள். பன்னிரண்டு என்றார். ஒன்பதுகூட ஆகியிருக்கவில்லை. அம்மா காலைக்கூடத் துடைக்காமல் கட்டிலில் ஏறி, நட்டநடுவில் நீட்டிப் படுத்தாள். "அப்ப பன்னண்டுக்கு வாங்க. போறப்ப கதவைச் சாத்திட்டுப் போங்க." அப்பா மட்டும் நின்றுகொண்டே, அவள் காலடியில் விழுந்த சுருக்கத்தை நீவி நீவி விட்டுக்கொண்டிருந்தார்.