தருண் இறங்குவதற்குள்

இன்னும் ஒரு மணி நேரத்தில் விமானம் தரையிறங்கிவிடும். சுப்ரியாவின் கார் ஒயிட்ஃபீல்டையே தாண்டவில்லை.

"ஏறிட்டேன். மீட்டிங் இன்னிக்கே முடிஞ்சிருச்சு. நான் வெளியே வரும்போது நீ கேட்ல இருக்கணும்."

கணவன் தருண் சென்னையிலிருந்து அனுப்பிய செய்தியை அவள் மறுபடியும் படித்தாள். நாளை இரவு வர வேண்டியவன். செய்தியைப் பார்த்ததும் வீட்டைப் பூட்டி, சாவியைப் பக்கத்து வீட்டுப் பிரிஸில்லாவிடம் கொடுத்துவிட்டு, ஆபீஸ் பையோடு ஓடிவந்திருந்தாள்.

சென்னையிலிருந்து பெங்களூரு வான்வழியில் இருநூற்றெழுபது கிலோமீட்டர். இவளுக்கு ஏர்போர்ட் நாற்பதுதான். ஆனால் அவனுக்குக் குறுக்கே லாரி கிடையாது.

"சீக்கிரம் போங்கண்ணா. ஃப்ளைட் இறங்கறதுக்குள்ள நான் அங்க இருக்கணும்."

டிரைவர் நாகேஷ் கண்ணாடியில் அவளைப் பார்த்துச் சிரித்தான். பெங்களூரு மர்பி டவுனிலேயே பிறந்து வளர்ந்த தமிழன். "என் வீட்டுக்காரி ஒரு நாளாச்சும் இப்படி ஓடி வந்திருப்பாளா மேடம்? நான் ஊருக்குப் போனா நிம்மதியா சீரியல் பார்ப்பா. சார் குடுத்து வெச்சவரு."

சுப்ரியா சிரிக்க முயன்றாள். உதடு வளையவில்லை. போன முறை பன்னிரண்டு நிமிடம் தாமதமாகப் போய்ச் சேர்ந்தாள். அதன்பின் ஒரு வாரம் வீட்டிலிருந்தபடியே வேலை பார்த்தாள், கேமராவை அணைத்து வைத்துக்கொண்டு.

பூதிகெரே கிராசில் மழை பிடித்துக்கொண்டது. வண்டிகள் வரிசையாக நின்றன. செல்போன் வரைபடத்தில் தருணின் விமானம் நகரை நெருங்கி வந்தது. சட்டென்று திரும்பி வட்டமடிக்கத் தொடங்கியது.

"என்ன மேடம், சுத்துதா? மழைன்னு எறக்க விடலை போல." நாகேஷ் பதறினான். "பயப்படாதீங்க. ஒண்ணும் ஆகாது. எல்லம்மாவை வேண்டிக்கோங்க."

அவள் வேண்டிக்கொண்டாள். இரண்டாவது வட்டம். மூன்றாவது வட்டம். கிளம்பியதிலிருந்து அப்போதுதான் அவளால் மூச்சை முழுதாக விட முடிந்தது.

மழை விட்டது. கார் நகர்ந்தது. விமானமும் வட்டத்தை விட்டு விலகி நேராக வரத் தொடங்கியது.

ஏர்போர்ட் சாலையில் ஏறும்போது தலைக்கு மேலே ஒரு விமானம், சக்கரங்களை நீட்டிக்கொண்டு, மிகத் தாழ்வாகப் போனது. சுப்ரியா சீட்டில் குனிந்துகொண்டாள்.

சற்று நேரத்தில் போன் அடித்தது. தருண். எடுக்கவில்லை. நின்று, மறுபடியும் அடித்தது. போனைக் கவிழ்த்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"எடுத்துப் பேசுங்க மேடம், லேட்டாயிடுச்சுன்னு சார் திட்டவா போறாரு? அவருக்குப் பெட்டி வரவே பத்து நிமிஷம் ஆகும். நாம ரெண்டே நிமிஷத்துல போயிடலாம்."

வருகைக்கும் புறப்பாட்டுக்குமாகப் பாதை இரண்டாகப் பிரிகிற இடம் தெரிந்தது. நாகேஷ் இண்டிகேட்டரைப் போட்டான். "அரைவல் கேட்டுகிட்டயே நிறுத்தறேன். சார் வெளிய வந்ததும் மொதல்ல உங்க மூஞ்சிதான் தெரியணும்."

சுப்ரியா முன்சீட்டை இரண்டு கைகளாலும் பற்றிக்கொண்டாள்.

"டிபார்ச்சர்ல விடுங்கண்ணா. அவர் கண்ல படாம நான் போயிடணும்."