முகம் திருப்பும் யானைக்குட்டி

நிறைமதிக்கு ஆறு வயசு. மாசத்துக்கு இரண்டு தடவை ரத்தம் ஏற்றியாக வேண்டும். ஊசி குத்தும்போது அழாமல் இருந்தால் ஆஸ்பத்திரிக் கட்டிலுக்கு மேலே, கூரையில் ஒளிப்பிம்பமாய் ஒரு யானைக்குட்டி வந்து ஆடும். அழுதால் முகத்தைத் திருப்பிக்கொண்டு போய்விடும். பிள்ளையின் மணிக்கட்டில் கட்டியிருக்கும் பட்டைதான் அதற்குக் கோள்மூட்டி; அழாதவரைக்கும் பச்சை விளக்குக் காட்டும். அதனால் வார்டில் எட்டுக் கட்டில் இருந்தும் ஒரு சத்தம் இருக்காது. பார்க்க வருகிற பெரிய மனுசர்கள் அசந்துபோவார்கள்.

அன்றைக்கு இசக்கியம்மாள் மகளின் போர்வையை விலக்கியவள் பதறிப்போனாள். ஊசி நரம்பை விட்டு விலகி, ரத்தம் சதைக்குள் இறங்கிக் கை வீங்கிக் கிடந்தது. பிள்ளையோ பல்லைக் கடித்துக்கொண்டு சிரித்தது.

"ஏட்டி, ஏன் சொல்லலை?"

"சொன்னா அழுகை வந்துரும்மா. யானை போயிரும்."

நர்ஸ் ஜெபராணி ஓடிவந்து ஊசியை உருவினாள். "பட்டை பச்சையாத்தானே காட்டுச்சுக்கா. பாப்பா சமத்தா இருக்கான்னுல்லா நினைச்சேன்."

"வாயைக் கட்டிப்போட்டுட்டு அதுக்குச் சமத்துன்னு பேரா வைக்கிய?" இசக்கியம்மாள் மகள் பக்கம் திரும்பினாள். "நீ அழுட்டி. தெருவரைக்கும் கேக்கணும்."

நிறைமதி அழுதாள். யானைக்காக அடக்கி வைத்த இரண்டு வருசத்து அழுகையையும் சேர்த்து அழுதாள். யானைக்குட்டி முதுகைக் காட்டியது.

"போவட்டும் சவம். நான் உன்னையத்தான பாத்துக்கிட்டு இருக்கேன்."

பக்கத்துக் கட்டிலில் சிரித்துக்கொண்டிருந்த பிள்ளைக்கு உதடு பிதுங்கியது. "எனக்கும் வலிக்கி" என்றது.

ஜெபராணி பட்டையைப் பார்க்கவில்லை. அந்தப் பிள்ளையின் போர்வையை விலக்கினாள்.