விரல் ஒளித்த மாம்பழச் சாறு

செண்பகவல்லியின் மோதிரவிரலுக்கு ஓர் ஏக்கம். அவளுக்குச் சர்க்கரை வருவதற்கு முன், மாம்பழச் சாறு முழங்கை வரை வழிந்த காலமெல்லாம் அதற்கு ஞாபகம் வந்துகொண்டே இருக்கும்.

அன்று அவள் பிள்ளைகளுக்கு மாம்பழம் நறுக்கினாள். ஒரு துண்டுகூட வாயில் போடவில்லை. ஒட்டிய சாற்றை விரல் பத்திரமாக வைத்துக்கொண்டது.

கையைக் கழுவாமலே, சர்க்கரை அளவு பார்க்க அவள் அந்த விரலில் ஊசி குத்தினாள். ரத்தத்தை நக்கிய சர்க்கரை மீட்டர் அலறியது: "முந்நூத்திப் பத்து!"

பயந்துபோய், போட்டுக்கொள்ள இருந்த இன்சுலின் அளவைக் கூட்டினாள்.

"அடே விரலு, இவ்வளவு போட்டா அவ மயங்கி விழுந்துடுவா! எதை ஒளிச்சு வச்சிருக்க?" என்று மீட்டர் அதட்டியது.

"கொஞ்சம் சாறுண்ணே... பழைய ஆசை."

விரல் அவளைக் குழாயடிக்கு இழுத்துக்கொண்டு ஓடியது. சோப்புப் போட்டுக் கழுவித் துடைத்து மறுபடி குத்தினாள். நூற்று முப்பது. அளவைக் குறைத்தாள்.

மீட்டர் மெல்லக் கேட்டது: "மாம்பழம் நெசமாவே அவ்வளவு இனிப்பாடா?"

"முந்நூத்திப் பத்துன்னு நீதானேண்ணே சொன்ன!" என்றது விரல்.