மேளம் வராத சாவு

கன்னியப்பன் செத்துப் போய்த் தெருவே திரண்டு கிடக்கிறது. ஒரு மேளச் சத்தம் இல்லை.

"இன்னாடி இது, சாவு வூடா ஆஸ்பத்திரியா?" என்று கேட்டுக்கொண்டே உள்ளே வந்தாள் அடைக்கலமேரி. "ஜெகதீசன் மேளத்துக்கே சொல்லலியாம்!"

லேப்டாப் முன்னால் உட்கார்ந்திருந்த ரூத் நிமிர்ந்து அம்மாவைப் பார்த்தாள்.

இன்னும் கொஞ்ச நேரத்தில் லண்டனிலிருந்து அவளைக் கூப்பிடுவார்கள். ஹார்பரில் அடிபடுகிற கான்ட்ராக்ட் கூலிகளுக்காகக் கேஸ் நடத்துகிற சின்ன வக்கீல் அவள். தொழிலாளர் சட்டத்தை அங்கே போய் மேலே படிக்க ஸ்காலர்ஷிப். போன வருஷம் இன்டர்வியூ வரைக்கும் வந்து கை நழுவிப் போனது. இதையும் விட்டால் வயது தாண்டிவிடும்.

அதற்காகத்தான் போன வாரமே வீடு வீடாகப் போய்க் கேட்டுவிட்டு வந்தாள். வெள்ளிக்கிழமை மூன்றரை மணிக்கு மேல் கொஞ்ச நேரம் சத்தம் இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள் என்று. எல்லாரும் தலையாட்டினார்கள். எதிர்வீட்டு ஆட்டோ ஜெகதீசன் மட்டும் பிடித்துக்கொண்டான்.

"இன்னா வக்கீலம்மா, நீ லண்டனு போறதுக்கு நாங்க வாய்ல பிளாஸ்திரி ஒட்டிக்கணுமா? அன்னிக்கின்னு பாத்து எவனாச்சும் பூட்டான்னா? மேளம் இல்லாம மௌன அஞ்சலியா செலுத்துவாங்க?"

உள்ளே கட்டிலில் கிடந்த அவன் அப்பா கன்னியப்பனும் சேர்ந்து சிரித்தார். "டேய், எனக்கு மட்டும் கொறை வெச்சிராத. ஹார்பர்ல மூட்ட தூக்கின ஒடம்பு இது. நாலு தெரு அதிரணும்."

இன்று காலை அந்த மனுஷனே போய்விட்டார்.

கேள்விப்பட்டதுமே ரூத், தேதியை மாற்ற முடியுமா என்று மெயில் போட்டாள். முடியாது என்று பதில் வந்தது. ஆபீசில் போய் உட்கார்ந்து பேசலாம் என்றால், சீனியர் வக்கீல் அதைப் பூட்டிக்கொண்டு மதுரை கோர்ட்டுக்குப் போயிருந்தார். சாவு வீட்டில் போய் மேளத்தை நிறுத்துங்கள் என்று எந்த வாயால் கேட்பது? அதுவும் ஜெகதீசனிடம். அன்றைய கடுப்புக்கு இரண்டு செட் மேளமாகக் கூப்பிடுவான் என்றுதான் நினைத்தாள்.

"எவ்ளோ ஆசையா கேட்டுது அந்த மனுசன்" என்று அடைக்கலமேரி மூக்கைச் சிந்தினாள். "துட்டு போய்டும்னு பாக்குறான் போல. அவன் தங்கச்சி வரலட்சுமி, 'நைனாவ அநாதப் பொணம் மாதிரி அனுப்பப் போறியாடா'ன்னு ஒரே கத்து. கையப் புடிச்சி உள்ள இட்டுகினு பூட்டான். அதோட அவளும் கப்சிப். தெருவே காறித் துப்புது, கல்லு மாதிரி குந்திகினுகீறான்."

ரூத்துக்கு முதலில் வந்தது நிம்மதி. அப்படி நிம்மதிப்பட்டதற்காக வெட்கம் வந்தது. கடைசியில் ஜெகதீசன் மேல் ஆத்திரம் வந்தது. சே, பெற்ற அப்பனுக்கு இதுகூடவா செய்யக் கூடாது?

லேப்டாப் கூவியது.

திரையில் மூன்று முகங்கள். கேட்டதற்கெல்லாம் தடுமாறாமல் பதில் சொன்னாள். கடைசியாக, நரைத்த தலை அம்மாள் ஒருத்தி கேட்டாள்: "படித்து முடித்து, எதை மாற்றுவதற்காக உங்கள் ஊருக்குத் திரும்பிப் போவீர்கள்?"

ரூத் ஜன்னல் பக்கம் பார்த்தாள். எதிரே ஷாமியானா. அதன் கீழே சத்தமில்லாமல் ஒரு சாவு.

"எங்கள் பக்கத்தில் அவரவர் பாடே பெரும்பாடாகிவிட்டது. அடுத்தவருக்காக யாரும் எதையும் விட்டுக்கொடுப்பதில்லை. அதைத்தான் மாற்ற வேண்டும்."

அந்த அம்மாள் மெல்லத் தலையசைத்துக் குறித்துக்கொண்டாள். பிறகு சிரித்தபடி, "நல்ல அமைதியான இடத்தில் குடியிருக்கிறீர்கள் போலிருக்கிறது" என்று சொல்லி விடைபெற்றாள்.

அம்மா வாங்கி வைத்திருந்த மாலையை எடுத்துக்கொண்டு ரூத் எதிர்வீட்டுக்குப் போனாள்.

அப்பாவின் தலைமாட்டில் உட்கார்ந்து துண்டால் ஈ ஓட்டிக்கொண்டிருந்தான் ஜெகதீசன். கண்ணெல்லாம் சிவந்து கிடந்தது. மாலையைப் போட்டுவிட்டு அவனை நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு வார்த்தை கேட்கத்தான் திரும்பினாள்.

அவன் முந்திக்கொண்டான்.

"முடிஞ்சிதாம்மா? நல்லா பேசினியா?"

"ம்... பேசினேண்ணா."

"வெள்ளக்காரன் போனை வெச்சிட்டானா? கரீட்டா பாத்தியா?"

"வெச்சிட்டாங்கண்ணா. ஏன்?"

அவன் எழுந்து நின்று, துண்டைத் தலைக்கு மேலே தூக்கிச் சுழற்றினான்.

மெயின் ரோட்டு டீக்கடையில் மத்தியானத்திலிருந்து சும்மா உட்கார்ந்திருந்த மேளக்காரர்கள் மேளத்தைத் தோளில் மாட்டிக்கொண்டு தெருவுக்குள் ஓடி வந்தார்கள்.

"வுடுங்கடா அடி! எங்க நைனா எவ்ளோ நேரந்தான் பொறுத்துகினு கெடப்பாரு!"