முணுமுணுப்பு போகும் தூரம்

ஏழு எட்டு ஐம்பத்து நாலு என்று போர்டில் எழுதிவிட்டு, ஒரு பையன் பெருமையாகத் திரும்பினான்.

கணக்கு வாத்தியார் சாக்பீஸை உயர்த்தினார். அவருக்கு வீட்டில் வைத்த பெயர் ஒன்று இருக்கத்தான் செய்யும். பள்ளிக்கூடத்துக்கு அவர் 'இடி'.

கடைசி பெஞ்சில் மியூட் உதட்டை ஈரப்படுத்திக்கொண்டாள்.

டிவி ரிமோட்டிலிருந்து எடுத்து வைத்த பெயர். அவள் பேசி யாரும் கேட்டதில்லை. அதற்காக அவள் பேசவில்லை என்று அர்த்தமில்லை. வருஷம் முழுக்கப் பேசிக்கொண்டுதான் இருந்தாள். இடி திட்டப்போகிறார் என்று தெரிந்தால் போதும்; அவர் வாயைத் திறப்பதற்குள் அவர் வசனத்தை, அவர் இழுக்கும் இழுப்பில், கனைப்பு உட்பட, தனக்குள் சொல்லி முடித்துவிடுவாள்.

பள்ளிக்கூடத்தில் அவளுக்கு இருந்த ஒரே சந்தோஷம் அது. அவர் காதில் விழுந்தால் அதுவும் போச்சு, அவள் தோலும் போச்சு.

பழைய வகுப்பில் அந்தப் பயமே இல்லை. வெறும் சுவர், வெறும் தரை. இடி ஒரு வார்த்தை சொன்னால் அது நாலு சுவரிலும் முட்டித் திரும்பி வந்து அடுத்த வார்த்தையின் காலை வாரிவிடும். அதை ஜெயிக்க அவர் இன்னும் கத்துவார். அந்த ரகளையில் ஒரு முணுமுணுப்பு எந்த மூலைக்கு?

லீவில் ஒரு இன்ஜினியர் அக்கா வந்து அறையை மாற்றியிருந்தாள். பலூனை ஊதி ஊசியால் குத்துவாளாம். 'டப்' அடங்க எவ்வளவு நேரமாகிறது என்று பார்த்து உதட்டைப் பிதுக்குவாளாம். கூரை ஓரங்களில் ஓட்டை ஓட்டையாகப் பலகை, பின்சுவரில் துணி போர்த்திய அட்டை, பெஞ்சுக் கால்களுக்கு ரப்பர் செருப்பு. நடுக்கூரையை மட்டும் வெறுமனே விட்டிருந்தாள். மெதுவாகப் பேசினாலும் அதில் பட்டுக் கடைசி பெஞ்சுக்கு வந்துவிடுமாம்.

வருகிற சத்தம் அதே வழியில் போகவும் செய்யும் என்று மியூட்டுக்குத் தோன்றவில்லை. இன்றுதான் அந்த அறையில் முதல் வகுப்பு.

இடி வாயைத் திறந்தார்.

"க்ஹ்ம்... ஏன் கண்ணு, மண்டையில என்ன, களிமண்ணா வச்சிருக்க?"

கேட்டது அவர் இல்லை.

வகுப்பே பின்னால் திரும்பியது. முதல் பெஞ்சில் ஒருத்தி சிரிப்பை அடக்க ஸ்கேலைக் கடித்தாள்.

"செத்தடி நீ" என்று பக்கத்திலிருந்தவள் கிசுகிசுத்தாள். அதுவும் எல்லாருக்கும் கேட்டது.

"யாரு அது?"

யாரும் காட்டிக்கொடுக்கவில்லை. பெஞ்சுக்கு அடியில் போய்விடலாமா என்று மியூட் ஒரு கணம் பார்த்தாள். பிறகு எப்படியோ எழுந்து நின்றுவிட்டாள்.

"நான்தான் சார்."

முணுமுணுப்புதான். முன்னால் போய்ச் சேர்ந்தது.

இடி அவளைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். உயர்த்திய கை தானாக இறங்கியது. மெல்லத் திரும்பி, போர்டில் இருந்த ஐம்பத்து நாலை அழித்தார். அழித்த இடத்தையே மறுபடி அழித்தார்.

அப்படி அழித்துக்கொண்டே, யார் காதிலும் விழாது என்ற தைரியத்தில், தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்.

"எங்கம்மா இப்படித்தான் கேப்பாங்க... கத்தாம."

கடைசி பெஞ்சுவரை, ஒரு எழுத்து குறையாமல் கேட்டது.